பஞ்சுவுக்குக் கொடுத்த மாத்திரை

அன்று காலையில் பஞ்சு ஒரு சத்தமும் போடாமல் பெட்டிக்குள் போய்ச் சுருண்டு படுத்ததைப் பார்த்து ஹமீத் ஹாஜியாரின் வீடே வாயைப் பிளந்தது. முந்தைய வாரம் முழுக்க அதே பெட்டிக்குள் அதைப் பழக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று மகன் சிப்னாஸ் பட்ட பாடு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரியும். அவன் இரண்டு முழங்கையிலும் பூனை போட்ட கோடுகள் இன்னும் காயவில்லை. அப்பேர்ப்பட்ட பூனை இன்றைக்குத் தானாகவே தலையைச் சாய்த்துக்கொண்டது.

"பாத்தியா, அதுக்கும் வெளிநாடு போறண்டா சந்தோசம்தான்," என்றாள் செரீபா. ஹாஜியாரின் மனைவி அவள். மகள் இஷ்ராவும் பேத்தி நதாவும் இன்றைக்கு டோஹாவுக்குப் பறக்கப் போகிறார்கள் என்பதால் விடிந்ததிலிருந்து அழுவதும் சிரிப்பதுமாக இருந்தாள்.

சமையலறை வாசலில் நின்ற வேலைக்காரி ஜீவராணி மட்டும் ஆச்சரியப்படவில்லை. பூனை ஏன் அடங்கியது என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஜீவராணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அந்தப் பாதையில் பஸ் ஏறியவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஒரு வளைவு முடியுமுன்னே அடுத்தது வந்துவிடும்; வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்து நிற்கும். அதனால் அங்கே பிரயாணம் என்றால் முதலில் தேடுவது பணப்பையை அல்ல, வாந்தி மாத்திரையை. ஹட்டனுக்குப் போனாலும் மாத்திரை, கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் மாத்திரை. பெரியவர்களுக்கு ஒன்று, சின்னவர்களுக்குப் பாதி, கைப்பிள்ளைக்குக் கால்வாசியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிடுவார்கள். பிள்ளை ஹட்டன் தாண்டுவதற்குள் தூங்கிப்போகும், கொழும்பில் இறங்கும்போது கண் விழிக்கும். மருந்து என்று அதை யாரும் நினைப்பதே இல்லை. சப்பாத்துப் போடுவது மாதிரி, தலை சீவுவது மாதிரி, புறப்படுவதற்கு முன் செய்கிற ஒரு காரியம். ஜீவராணியின் ரவிக்கைக்குள் இருக்கும் சின்னப் பையில் எப்போதும் ஒரு அட்டை மாத்திரை இருக்கும்.

பூனையும் பிரயாணம் போகிறது. அதற்கும் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அதுவும் சும்மா கொடுக்கவில்லை. ஒரு மாதமாகவே அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. நதாவுக்கு ஏழு வயது. தகப்பன் ஃபாஸில் டோஹாவில் கடை வைத்து, வீடு பார்த்து, மனைவியையும் மகளையும் வரச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளை உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடும். விமானத்தில் மிருகங்களை எப்படி ஏற்றுகிறார்கள் என்று காட்டும் வீடியோக்களையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டும். பூனை ஆட்களோடு மேலே உட்கார முடியாதாம். சூட்கேஸ்கள் போகிற கீழ் அறையில், பெட்டியோடு பெட்டியாகக் கட்டிவிடுவார்களாம். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தேயிராத ஜீவராணிக்கு அந்தக் கீழ் அறை இராத்திரியில் கண்ணுக்குள் வந்தது. இருட்டு. காது கிழிகிற இரைச்சல். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு சீவன் இல்லை. பாவம், வாயில்லாத ஜந்து அத்தனை மணி நேரம் எப்படித் தாங்கும்? தூங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது அல்லவா?

விடியற்காலையில் மீனைப் பிசைந்து அதில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டாள். பஞ்சு நக்கிவிட்டுப் பாதியை வைத்துவிட்டது. மருந்து போதவில்லையோ என்று இன்னொரு மாத்திரையைப் பொடித்து, நெய்யில் குழைத்து, அதன் வாயோரம் தடவினாள். பூனை முழுவதையும் நக்கித் துடைத்துக்கொண்டது.

வான் வண்டி புறப்பட்டது. சிப்னாஸ் ஓட்டினான், இஷ்ரா முன்னால், நதா பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில். நதா கையசைக்கக்கூட இல்லை. பெட்டியின் கம்பிக் கதவில் விரலை விட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, புடைவைக் கடையைத் திறக்கப் போனார்.

வீடு வெறிச்சென்று ஆனது. செரீபா தொழுகைப் பாயில் உட்கார்ந்தாள். ஜீவராணி பாத்திரங்களைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கூடத்தில் இருந்த போன் அடித்தது. எடுத்தாள்.

"ஹாஜியார் வீடுங்களா? நான் மிருக வைத்தியர்கிட்ட வேல செய்ற சுதாகரன் கதைக்கிறேன்."

சுதாகரனை அவளுக்குத் தெரியும். பஞ்சுவுக்கு ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்கிறவன், அவள் ஊர்ப் பக்கத்துப் பையன்.

"சொல்லுங்க தம்பி, நான் ஜீவராணி."

"அக்கா, பூன கெளம்பிருச்சா? டொக்டர் கேக்க சொன்னாரு. காலையில சாப்பாடு ரொம்ப குடுக்கலையே?"

"கொஞ்சம்தான் தம்பி."

"சரி. அப்புறம், தூக்க மருந்து, மயக்க மருந்துன்னு ஒண்ணும் குடுக்கலையே? அதுதான் முக்கியம்."

ஜீவராணியின் ஈரக் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது. "ஏன் தம்பி, குடுத்தா என்னா?" என்று கேட்டாள்.

"ஐயோ அக்கா, குடுக்கவே கூடாது. டொக்டர் இஷ்ரா மிஸ்கிட்ட படிச்சு படிச்சு சொன்னாரே. பிளேன் மேல ஏறுறப்ப உள்ளுக்கு காத்தோட அமுக்கம் கொறையும். முழிச்சிருக்க சீவன் எப்படியோ சமாளிச்சிக்கும். மயக்கத்துல இருந்தா ரத்த அழுத்தம் விழுந்துரும், மூச்சு கெட்டுப்போயிரும். பெட்டி ஆடுறப்ப தலைய நிமித்தி வச்சிக்கக்கூட தெரியாது, கழுத்து மடிஞ்சு மூச்சு அடைச்சிக்கும். அதுலயும் ஒங்க பூன சப்ப மூக்கு. அந்த சாதிக்கு சும்மாவே மூச்சு கஷ்டம். சில கம்பனிக்காரன் ஏத்தவே மாட்டான்."

"அங்கன ஆரும் பாக்க மாட்டாங்களா?"

"பறக்குறப்ப கீழ எறங்கி யார் அக்கா பாக்குறது? கதவு சாத்துனா சாத்துனதுதான். போன வருசம் ஒரு வீட்டுக்காரவுக பாவமேன்னு நாய்க்கு என்னமோ குடுத்து அனுப்பிட்டாங்க. எறக்கி பெட்டிய தொறந்தப்ப வெறச்சு கெடந்துச்சாம். அதுதான் டொக்டருக்கு ஒரே கவல. நீங்க ஒண்ணும் குடுக்கலதானே?"

அந்த வீட்டில் டொக்டர் சொன்னதையெல்லாம் எல்லோருக்கும் சொன்னார்கள். பெட்டியின் அளவைச் சொன்னார்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சொன்னார்கள், நகம் வெட்டுவதைச் சொன்னார்கள். இதை மட்டும் யாரும் சமையலறைக்கு வந்து சொல்லவில்லை. பூனைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று ஜீவராணிக்குத் தோன்றும் என்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

"இல்லங்க தம்பி," என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் குடுக்கல."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. பயந்தவளின் வாய் முந்திக்கொண்டது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரவிக்கைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு குழிகள் காலியாக இருந்தன. அதைப் பார்க்கச் சகிக்காமல் குப்பை வாளியில், மீன் செதில்களுக்கு அடியில் செருகிவிட்டு மூடியைப் போட்டாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிய அந்த ஒரு நொடிக்காக அவளைத் திட்டலாம்தான். ஆனால் வாளியை மூடினால் நடந்தது மூடுமா?

தன்னுடைய சின்னப் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். செரீபாவுக்குத் தெரியாமல் சிப்னாஸிடம் சொல்லிவிட்டால் போதும், வழியில் எங்காவது ஒரு டொக்டரிடம் காட்டிவிடுவான், யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்படித்தான் கணக்குப் போட்டாள். சிப்னாஸின் நம்பரை அழுத்தினாள். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில். மூன்று மொழியிலும் ஒரே பதில். வான் கினிகத்தேனை தாண்டி மலையிடுக்கில் இறங்கிக்கொண்டிருக்கும், அங்கே சிக்னல் வராது. இஷ்ராவின் போனை அழுத்தினாள். அணைந்திருந்தது. நதா வழியெல்லாம் வீடியோ பார்த்துச் சார்ஜைத் தின்றிருப்பாள், வேறென்ன.

திரும்பத் திரும்ப அழுத்தினாள். அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்ணை மூடினால் பெட்டி தெரிந்தது. அதைத் திறப்பது ஃபாஸிலாக இருக்குமா, இஷ்ராவாக இருக்குமா? இல்லை. நதாதான் முதலில் ஓடுவாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். கம்பிக் கதவைத் தானே திறந்து உள்ளே கைவிடுவாள். அதற்கு மேல் நினைக்க முடியாமல் ஜீவராணி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மாரியாத்தா, அது எந்திரிச்சிரணும், வாந்தியெடுத்துரணும்," என்று வேண்டினாள். வாந்தி வராமலிருக்கக் கொடுத்த மருந்துக்கு வாந்தி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நிலைமை அவளுக்கு வந்தது.

"ஜீவா! ஓடி வா, இஷ்ரா எடுக்கிறா!"

செரீபாவின் குரல் கேட்டு ஓடினாள். செரீபா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். சிப்னாஸின் போனிலிருந்து இஷ்ரா பேசினாள்.

"உம்மா, அவிசாவளையில டீ குடிக்க நிப்பாட்டினோம். ஒரு பிரச்சினையும் இல்ல. பஞ்சுவ பத்தித்தான் பயந்துட்டு ஈந்தேன், அது ஒரு சத்தமில்ல! தூங்கிட்டே வருது. நாக்க கொஞ்சம் வெளிய தள்ளிட்டு, பாக்க அவ்வளவு வடிவா ஈக்கிது. ஃபோட்டோ அனுப்புறேன்."

"எல்லாம் ஜீவாட கைராசி," என்று செரீபா ஜீவராணியைப் பார்த்துச் சிரித்தாள். "காலையில அவதானே ஊட்டிவிட்டா."

"ஜீவாக்காக்கு சலாம் சொல்லுங்க. வச்சிர்றேன் உம்மா, சிப்னாஸ் கத்துறான்."

ஜீவராணி வாயைத் திறந்தாள். "இஷ்ராம்மா" என்ற வார்த்தை பாதி வெளியே வந்தது. போன் அணைந்துவிட்டது.

படம் வந்தது. செரீபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து ரசித்துவிட்டு அவளிடம் நீட்டினாள். பூனையின் கண்கள் முழுவதும் மூடியிருக்கவில்லை. இமைக்கு உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தோல் பாதிக் கண்ணை மறைத்திருந்தது. நாக்கு காய்ந்து பல்லோடு ஒட்டிக்கிடந்தது. தூங்குகிற பூனையை ஜீவராணி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இது தூக்கம் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து செரீபாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் தெரியாம ஒரு காரியம் பண்ணிட்டேங்கம்மா. பூனைக்கு வாந்தி மாத்திர குடுத்துட்டேன். ரெண்டு."

செரீபா பதறிப் போய், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று நினைத்து, கடைசியில் விஷயம் புரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். "சீச்சி, இதுக்கா அழுற? நான் பயந்தே போனேன். நல்லதுதானே செஞ்சீக்கிறா. நிம்மதியா தூங்கிட்டுப் போகட்டுமே."

செரீபாவுக்கும் தெரியாது. அந்த நொடியில் ஜீவராணி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேயிலைத் தண்ணி ஊற்றப் போயிருக்கலாம். நாளைக்கு டோஹாவிலிருந்து செய்தி வந்தால், பாவம், சூடு தாங்கவில்லை போல என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அவளும் சேர்ந்து அழுதிருக்கலாம். யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள். இது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதால்தான் இன்னும் பயந்தாள், இந்தத் தடவை தன்னைப் பார்த்தே.

"இல்லங்கம்மா. நல்லது இல்ல. டொக்டர் வீட்டு தம்பி சொல்லிட்டாரு. மருந்து குடுத்து பிளேன்ல ஏத்துனா மூச்சு நின்னு செத்துப் போயிருமாம். என்கிட்ட கேட்டாரு. குடுக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

செரீபாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போனது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது அந்தப் புள்ளட உசிரு," என்றாள் கடைசியில். "நதா இங்க வா, சாப்பிடு, படு எண்டு நாங்க சொன்னா கேக்க மாட்டா. அந்தப் பூன படுத்தாத்தான் படுப்பா. ஒனக்கு தெரியாதா?"

"தெரியுங்கம்மா."

செரீபா அதற்குள் சிப்னாஸுக்கு அடிக்க ஆரம்பித்திருந்தாள். மணி போனது, அவன் எடுக்கவில்லை. மறுபடியும் வண்டியை எடுத்துவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டான் போல. "டொக்டர்ட பொடியனுக்கு எடு," என்று வீட்டுப் போனை ஜீவராணியிடம் தள்ளினாள். "நீ சொன்ன பொய்ய நீயே போய் எடு."

ஜீவராணி எடுத்தாள். சுதாகரன் "சொல்லுங்கக்கா" என்றதும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். பிறகு அவன் குரல் அவசரமாக மாறியது.

"என்ன மாத்திர அக்கா? பேர் சொல்லுங்க. பேர் தெரிஞ்சாத்தான் டொக்டர் ஏதாவது சொல்லலாம்."

"வாந்தி மாத்திர தம்பி. சின்னது."

"பேர் அக்கா, பேர்! அட்டையில இருக்கும்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். குப்பை வாளியைத் தரையில் கொட்டினாள். செதிலும் குடலும் கறிவேப்பிலைக் காம்பும் கைநிறைய ஒட்டின. அட்டை கிடைத்தபோது அதன்மேல் எழுத்தெல்லாம் மீன் இரத்தம். முந்தானையில் துடைத்து, ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரியாமல் செரீபாவிடம் நீட்டினாள். செரீபா எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

"சரி," என்றான் சுதாகரன். "டொக்டர் விமான நிலையத்துல இருக்க மிருக வைத்தியரோட கதைக்கப் பாப்பாரு. ஆனா பெட்டிய உள்ளுக்கு குடுத்துட்டா ரொம்ப கஷ்டம். நீங்க அவங்கள எப்படியாவது பிடிங்க."

விடாமல் அடித்து, கடைசியில் சிப்னாஸ் எடுத்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. செரீபா போனுக்குள் கத்தினாள்.

"உம்மா, மெல்ல. பெட்டிய குடுத்தாச்சு. ரெண்டு பேரும் உள்ளுக்கு போயிட்டாங்க. நான் வானடியில ஈக்கிறேன்." கேட்டு முடித்ததும் அவன் குரல் மாறியது. "இஷ்ராட போன் செத்துப் போய் ஈக்கிது உம்மா. என்ன உள்ளுக்கு விட மாட்டாங்க."

"காலப் புடிச்சாவது போ!"

போனை அணைக்காமலே அவன் ஓடினான். அவன் மூச்சிரைப்பு, வண்டிச் சத்தம், யாரிடமோ சிங்களத்தில் கெஞ்சுவது, ஒரு காவலாளி இல்லை என்று மறுப்பது எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டது. "மஹத்தயோ, பூனை, பூனை!" என்று பதற்றத்தில் பாதித் தமிழில் கத்தினான். யாரோ சிரித்தார்கள். பிறகு தொடர்பு அறுந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஹாஜியார் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டு, முற்றத்தில் நடந்தார். செரீபா தஸ்பீஹ் மணியை உருட்டினாள். ஜீவராணி சமையலறை வாசற்படியில் மீன் நாற்றம் அடிக்கும் கையோடு உட்கார்ந்திருந்தாள். கை கழுவ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறை பாதையில் ஹோர்ன் அடிக்கும்போதும் போன் என்று நினைத்து மூவரும் நிமிர்ந்தார்கள்.

அவள் பயம் இப்போது வேலையைப் பற்றியது இல்லை. துரத்தினால் துரத்தட்டும். அந்தப் பெட்டி ஏறிவிட்டதா, கதவு சாத்திவிட்டார்களா, அது ஒன்றுதான். சாத்திவிட்டால் உலகத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விமானம் பறக்கும், பிள்ளை மேலே உட்கார்ந்திருக்கும், கீழே பூனையின் கழுத்து மடியும், பிள்ளைக்குத் தெரியாது.

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஹாஜியார்தான் எடுத்தார்.

"வாப்பா, இஷ்ரா. பக்கத்துல ஈக்கிற ஒரு நோனாட போன்ல கதைக்கிறேன்." குரல் அழுது ஓய்ந்திருந்தது. "பஞ்சுவ ஏத்தல. எங்கட டொக்டர் போன் பண்ணி சொன்னதால, வண்டியில வச்சு கொண்டு போகயில நிப்பாட்டிட்டாங்க. இங்கத்த டொக்டர் பெட்டிய தொறந்து பாத்தாரு. நிக்க ஏலாம விழுந்துச்சு வாப்பா. மூச்சு மெல்லமாத்தான் வந்துச்சு. மேல போயிருந்தா முடிஞ்சிருக்கும் எண்டு சொன்னாரு. இப்ப சிப்னாஸ்கிட்ட குடுத்து நீர்கொழும்புல ஒரு டொக்டர்கிட்ட அனுப்பியிருக்காங்க. சேலைன் ஏத்தினா தப்பிக்குமாம்."

ஹாஜியார் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். செரீபா அழுதாள். ஜீவராணிக்கு அழுகைகூட வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஜீவாக்காட்ட குடுங்க," என்றாள் இஷ்ரா.

ஹாஜியார் நீட்டினார். ஜீவராணி முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு வாங்கினாள்.

"இஷ்ராம்மா, என்ன மன்னிச்சிருங்க..."

"இப்ப அதுக்கு நேரமில்லக்கா. எங்கள ஏற கூப்பிடுறாங்க. நதா ஒங்களோட கதைக்கணும் எண்டு அழுறா. பஞ்சுவுக்கு காய்ச்சல், அதான் கூட்டிட்டுப் போக ஏலா எண்டு சொல்லி வச்சிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க. வேற ஒண்டும் சொல்ல வேணாம்."

இஷ்ரா அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொன்னாள் என்று ஜீவராணிக்குப் புரிந்தது. அன்றைக்கு அவளைத் தேடி வந்த மூன்றாவது பொய் அது. இதை வாங்கிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

"ஜீவாக்கா." நதாவின் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. பின்னால் ஒலிபெருக்கி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. "பஞ்சுக்கு காய்ச்சலாம்."

ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"காய்ச்சல் இல்ல பாப்பா. நாந்தான் அதுக்கு மாத்திர குடுத்துட்டேன். தெரியாம குடுத்துட்டேன். அதுல அதுக்கு முடியாம போயிருச்சு. காய்ச்சல்லாம் இல்ல தங்கம், என்னாலதான்."

செரீபா இங்கே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் குடுத்தீங்க?"

"இருட்டுல, அந்த எரைச்சல்ல, தனியா கெடந்து அது பயந்துருமேன்னு குடுத்தேன் பாப்பா."

நதா அழவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்க்கிற குரலில் கேட்டாள்.

"அதுக்கு எங்க பயம்? எனக்குத்தான் பயம். பஞ்சு கீழ ஈந்தா நான் மேல பயப்படாம ஈப்பேன் எண்டு வாப்பாட்ட சொன்னேன். அதுக்குத்தான் வாப்பா அதையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

ஒரு மாதம் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படங்களைக் காட்டியது. பயந்தது யார் என்று ஜீவராணி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"நதா, வா, கதவு மூடப் போறாங்க," என்று இஷ்ரா கூப்பிடுவது கேட்டது.

"இப்ப கீழ யார் ஈப்பா?" என்று கேட்டாள் நதா.

ஜீவராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது அணைகிற வரைக்கும் அந்தப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.